கவிஞரின் பானி

அந்தமானில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதும் தஞ்சாவூரில் என் நண்பர்கள் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "போயும் போயும் தண்ணியில்லாக் காட்டுக்கா போறே?" என்று ஒருவன் கேட்டான். மேலதிகாரிக்குப் பிடிக்காத உத்தியோகஸ்தரை மாற்றிவிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கப்பல் ஏறியதும் எனக்குச் சிரிப்பாக வந்தது. காடு இருக்கலாம், ஆனால் தண்ணீர் இல்லை என்று சொன்னவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த மேல்தளத்தில் நிறுத்தவேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பகல் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நண்பன் சொன்னது பாதி சரி என்பது போர்ட் பிளேரில் முதல் கோடை வந்தபோது தெரிந்தது. அறுபதுகளின் ஆரம்பம் அது. ஹேடோவில், துறைமுகத்துக்கு மேலே இருந்த சரிவில் எனக்கு ஓர் அறை குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். எங்கள் வரிசைக்கெல்லாம் பொதுவாக ஒரே குழாய். மழை நின்று இரண்டு மாதம் ஆனதும் அந்தக் குழாய் பெரிய மனிதர் ஆகிவிடும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்றும் தெரியாது. விடியற்காலையில் யாராவது ஒருவர் "பானி ஆ கயா", தண்ணீர் வந்துவிட்டது, என்று குரல் கொடுப்பார்கள். வங்காளி வீடு, மலையாளி வீடு, தெலுங்கர் வீடு, நம்மவர் வீடு என்று பேதம் இல்லாமல் எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறக்கும். வாளிகள் உருளும். சண்டையும் எல்லோருக்கும் பொதுவான அந்தத் தீவு இந்தியிலேயே நடக்கும். நான் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் என் வாளியையும் நிரப்பி என் வாசலில் வைத்திருப்பார். கல்யாணம் ஆகாத வாத்தியார் என்று அவருக்கு என்மேல் ஒரு பரிதாபம். அந்தப் பரிதாபத்தை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கியம். பிள்ளைகளில் பாதிப் பேர் தீவிலேயே பிறந்தவர்கள். மீதிப் பேர் அப்பாவின் வேலையோடு மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள். பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. விடைத்தாள் திருத்தும்போதுதான் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

காரணம், மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் நோட்ஸ் புத்தகம். அரிசி, வெங்காயம், சீமெண்ணெய் எல்லாம் தாமதமாகும். அது மட்டும் தாமதமாகாது. வகுப்பில் யாரோ ஒருவனிடம் அது இருக்கும், மற்றவர்கள் எல்லோரும் அவனுக்கு நண்பர்களாக இருப்பார்கள். எந்தப் பாடலின் நயத்தைக் கேட்டாலும் "எளிய, இனிய, ஆற்றொழுக்கான நடை" என்று முப்பது தாளிலும் ஒரே விடை வரும். எந்தக் காலத்துப் புலவராக இருந்தாலும் சரி, போர்ப் பாட்டாக இருந்தாலும் சரி, ஒப்பாரியாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ஆற்றொழுக்கான நடைதான். அதை எழுதிய பிள்ளைகளில் பலர் ஓர் ஆற்றைக்கூடப் பார்த்ததில்லை. நானும் மார்க் போட்டேன். போடாமல் என்ன செய்வது, விடை சரிதானே. ஆனால் அந்தப் பிள்ளை பாட்டைப் படித்ததா, அதற்கு ஏதாவது பட்டதா என்பது கடைசிவரை எனக்குத் தெரியாது. முப்பது தாளைத் திருத்திவிட்டு ஒரே ஒரு தாளைத் திருத்திய உணர்வோடு எழுந்திருப்பேன்.

அதனால் அந்த வருஷம் செலக்‌ஷன் டெஸ்டுக்கு ஒரு காரியம் செய்தேன். பெரிய பரீட்சைக்கு யாரை அனுப்பலாம் என்று பள்ளிக்கூடம் தானே வைத்துப் பார்க்கிற பரீட்சை அது. அதில் யாரும் படித்திராத ஒரு பாட்டைக் கொடுத்து, அதன்மேல் ஒரு கேள்வி கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நோட்ஸில் இல்லாத பாட்டு, பத்து மார்க் கேள்வி. பாட்டுக்கு எங்கே போவது? பள்ளி அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். யோசித்துப் பார்த்தேன், நானே எழுதிவிட்டேன்.

நான் அந்தக் காலத்தில் கவிஞன். அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. ஊர்க் காவிரியை நினைத்துக்கொண்டு எட்டு வரி எழுதினேன்.

வெள்ளி உருகி விழுந்ததுபோல் நீர்கண்டேன்
அள்ளி அணைக்கின்ற ஆற்றங் கரைகண்டேன்

என்று தொடங்கும். கயல் கண்டேன், நாணல் கண்டேன், படித்துறை கண்டேன், நிலா கண்டேன் என்று எட்டு வரியும் அப்படியே போகும். தளை தட்டாது. எட்டு வரியும் 'கண்டேன்' என்றே முடிவது ஓர் அலங்காரம் என்று எனக்கு நினைப்பு. எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டால் கேள்வியின் கௌரவம் குறைந்துவிடும்.

கேள்வித்தாளை ஸ்டென்சில் வெட்டிப் படி எடுப்பது வழக்கம். அந்த முறை ஸ்டென்சில் காகிதம் தீர்ந்துவிட்டது. இருந்ததை இங்கிலீஷும் இந்தியும் எடுத்துக்கொண்டன. புதியது வரவேண்டிய கப்பல் மெட்ராஸிலேயே நின்றுகொண்டிருந்தது. பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கேள்விகளை வாயால் சொல்லிவிடுங்கள் என்றார் தலைமையாசிரியர். அவர் வங்காளி. தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கமும் சாம்பாரும்தான். நானும் அழகாக எழுதிப் போட்டேன், அழகாகச் சொன்னேன். "இப்பாடலில் கவிஞரின் பாணியை விளக்குக." பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சரசரவென்று எழுத ஆரம்பித்தார்கள். எப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்கூட எழுதினான். எனக்குப் பூரிப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து உட்கார்ந்தேன். முதல் தாள் நோட்ஸ்காரனுடையது. எளிய, இனிய, ஆற்றொழுக்கான நடை. என் காவிரிக்கும் அதே சட்டைதான். போகட்டும் என்று இரண்டாவது தாளை எடுத்தேன். "கவிஞரின் பானி மிகவும் தூய்மையானது. ஆனாலும் காய்ச்சிக் குடிப்பது நல்லது" என்று இருந்தது. மூன்றாவது தாளில், "கவிஞருக்கு ஆற்றிலேயே பானி கிடைத்ததால் அவர் வீட்டில் சண்டை இல்லை." அதற்கு அடுத்ததில், "கவிஞருக்குப் பானி கிடைத்துவிட்டது. எங்கள் ஹேடோவுக்கு எப்போது கிடைக்கும்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நான் கேட்ட கேள்வியை நானே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மூன்று சுழி, இரண்டு சுழி என்பதெல்லாம் எழுதும்போது பார்க்கிற விவகாரம். வாயில் எல்லாம் ஒன்றுதான். நான் சொன்னது பாணி, பிள்ளைகள் காதில் விழுந்தது பானி. காலையில் எழுந்ததும் முதலில் கேட்கிற சொல்லும் அதுதான், நாள் முழுவதும் வீட்டில் புழங்குகிற சொல்லும் அதுதான். கரும்பலகையில் வேறு எட்டு வரிக்குத் தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கிறது. கவிஞரின் தண்ணீரை விளக்கச் சொல்கிறார் சார், அவ்வளவுதானே என்று விளக்கியிருக்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த பிள்ளைகள் நடையை எழுதியிருந்தார்கள். தீவில் பிறந்த பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் தண்ணீரை எழுதியிருந்தார்கள். நான் தனியாகச் சிரித்த சிரிப்பில் தெலுங்கு அம்மாள் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தவறு என் நாக்கில் என்பதால் 'பானி' என்று எழுதியதற்காக யாருக்கும் மார்க்கைக் குறைப்பதில்லை, பாட்டைப் படித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்போம் என்று தீர்மானித்துக்கொண்டேன். காய்ச்சிக் குடிக்கச் சொன்னவனுக்கு ஒன்றும் போடவில்லை. பாட்டுக்குள் அவன் கால்கூட நனையவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது லாங் ஐலண்ட் பெண்ணின் தாள் வந்தது. அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் அப்பா ராமநாதபுரத்துக்காரர், போட்டில் போகவேண்டிய லாங் ஐலண்ட் தீவில் மர மில்லில் வேலை. அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். இவள் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை. அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஓய்வு நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து மற்றப் பெண்களை அதட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாப் பாடத்திலும் தேறிவிடுவாள், தமிழ்தான் இழுக்கும். ஒற்று எங்கே மிகும் என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கட்டுரையில் பாதி வாக்கியம் தமிழில் கிளம்பி இந்தியில் போய் இறங்கும். அந்த வருஷம் அவள் சித்தப்பாவுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்துவிட்டது. பெரிய பரீட்சை முடிந்ததும் குடும்பம் கப்பல் ஏறிவிடும். அடுத்த வருஷம் அவள் தங்குவதற்குப் போர்ட் பிளேரில் வீடு கிடையாது. இந்தத் தடவை செலக்‌ஷன் ஆனால் பரீட்சை எழுதலாம், அதற்குப் பிறகு டீச்சர் டிரெய்னிங்குக்கு வழி உண்டு. ஆகாவிட்டால் லாங் ஐலண்டுக்குத் திரும்பவேண்டியதுதான், படிப்பு அதோடு சரி.

அவள் எழுதியிருந்தது எனக்கு இன்றைக்கும் ஏறக்குறைய மனப்பாடம்.

"இந்தப் பாட்டில் கவிஞரின் பானி எல்லா வரியிலும் இருக்கிறது. அவர் நீரைக் கண்டார். கரையைக் கண்டார். மீனைக் கண்டார். எட்டு வரியும் கண்டேன் கண்டேன் என்றே முடிகிறது. குடித்தேன் என்று ஒரு வரி இல்லை. குளித்தேன் என்றும் இல்லை. இந்தப் பாட்டில் யாருக்கும் தாகம் இல்லை. கவிஞருக்கு ஆற்றின்மேல் ஆசை இருக்கிறது, ஆனால் தேவை இல்லை. கப்பலில் நிற்கிறவர் கடலைப் பார்ப்பதுபோல் இவர் ஆற்றைப் பார்க்கிறார். பாட்டு அழகாக இருக்கிறது. படித்து முடித்த பிறகும் நாக்கு வறண்டே இருக்கிறது."

எனக்கு வலித்தது. அதை மழுப்ப விரும்பவில்லை. சிவப்பு மையை ஊற்றி அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என் காவிரியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று அறையில் இரண்டு நடை நடந்தேன். பிறகு பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் சொன்னது இல்லை என்று நிரூபிக்க ஒரு சொல்லாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை. எட்டு வரியிலும் கண்ணைத் தவிர என் உடம்பில் வேறு எதுவுமே வேலை செய்யவில்லை. பாணி என்றால் என்ன என்று தெரியாமலே அந்தப் பெண் என் பாணியை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தாள். முப்பது தாளில் அது ஒன்றுதான் அந்தக் கேள்விக்கு வந்த விடை. ஒரு கண்டேனுக்கு ஒரு மார்க் என்று எட்டு மார்க் போட்டேன். கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் பாஸ்.

மயிரிழையில் பாஸான தாளுக்கு எங்கள் பள்ளியில் ஒரு சடங்கு உண்டு. இன்னொரு தமிழாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அப்போது போர்ட் பிளேரில் இன்னொரு தமிழாசிரியர் என்றால் ஒரே ஒருவர்தான், வேறொரு பள்ளியில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு அவருடையதுதான், அப்படியொரு சாரீரம். இலக்கணத்தில் கறார். யார் என்ன பேசினாலும் அவர் காது ஒற்றுப்பிழையைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை காலையில் அவர் எங்கள் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். அதற்குச் சற்று முன்புதான் லாங் ஐலண்ட் பெண்ணின் அப்பா வந்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் போட் கிளம்புகிறது, முடிவு தெரியவில்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு அதிலேயே போய்விடுவதாகச் சொன்னார். அடுத்த போட் எப்போது என்று அவருக்கும் தெரியாது, போட்காரர்களுக்கும் தெரியாது. மில்லில் அவருக்கு லீவு முடிந்துவிட்டது. கோபமாகப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. போட் வந்து நிற்கும் ஜெட்டியில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூத்தவர் தாளைக் கையில் வாங்கினார். இலக்கணப் பகுதியைப் படிக்கும்போதே அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிட்டது. பாட்டுக் கேள்விக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னவே இது? பாணியைக் கேட்டா, பிள்ள தண்ணி காட்டிட்டா. இதுக்கு எட்டு மார்க்கா?"

நான் நடந்ததைச் சொன்னேன். ஸ்டென்சில் தீர்ந்தது, வாயால் சொன்னது எல்லாம். தஞ்சாவூர்க்காரன் நாக்கில் மூன்று சுழி கிடையாது என்பது தமக்கு எப்போதோ தெரியும் என்றார். நாங்கள் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று தலைமையாசிரியர் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் சற்று யோசித்தார்.

"பானி மாங்கா, பானி தியா" என்றார். தண்ணீர் கேட்டீர்கள், தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "கல்தி கிஸ்கா?"

தவறு யாருடையது என்ற கேள்விக்கு நான் தாராளமாகக் கையைத் தூக்கினேன். மூத்தவர் மசியவில்லை. நோட்ஸ்காரனின் தாளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இவனும் தண்ணீரைத்தானே எழுதியிருக்கிறான், ஆற்றொழுக்கு என்றால் என்ன, அதுவும் தண்ணீர்தானே என்று வாதாடினேன். அது மரபு என்றார். மரபு என்றால் பாட்டைப் படிக்காமலே எழுதிவிடலாமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. என் கோபத்துக்கு இடம் பொருள் தெரியாது.

அவர் குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பாட்டு. எங்கள் பள்ளிப் பையன் ஒருவனிடமிருந்து வாங்கித் தம் கையால் எழுதி வைத்திருந்தார். தம் வகுப்பில் இரண்டு நாளாக அதை நடத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு அதைப் பாடியும் காட்டினார். அந்தச் சாரீரத்தில் வெள்ளி உருகி விழுந்தபோது, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இந்தி டீச்சர்கூட நின்று கேட்டார். நானும் ஒரு நிமிஷம் போட்டை மறந்துவிட்டேன். எழுதியவன் எதிரில் இருக்க, எழுதியவன் என்று தெரியாமலே ஒருவர் உருகிப் பாடுவது எந்தக் கவிஞனுக்குக் கிடைக்கும்?

"இது பழைய கை. நம்ம காலத்துல எவனுக்கும் இது வராது. இதுல தாகம் இல்லைன்னு ஒரு பிள்ள எழுதுது, நீரும் எட்டு மார்க் போடுதீரு. புலவனை அவமானப்படுத்தினதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

ஜன்னல் வழியாகக் கீழே துறைமுகம் தெரிந்தது. தீவுகளுக்குப் போகும் போட்டின் புகைக்குழாயில் புகை வர ஆரம்பித்திருந்தது. அந்தக் காகிதத்தை அவர் மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொள்ளப் போனார். வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே நல்ல விமரிசனம் அந்தச் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் போயிருக்கும், அவர் இருந்த நாள்வரை அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டும் இருந்திருப்பார்.

"ஐயா, புலவர் ஒண்ணும் நினைச்சுக்கலை" என்றேன். "அந்தப் பாட்டு நான் எழுதினது."

"நீரா?" என்றார்.

என்னைக் கேட்கிறாரா, தண்ணீரைக் கேட்கிறாரா என்று அந்தச் சமயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், நான்தான் என்றேன். அந்தப் பெண் சொன்னது நிஜம் என்றேன். எழுதும்போது எனக்குத் தாகம் இல்லை, ஊரிலும் நான் ஆற்றைப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, இங்கேயும் என் வாளியை வேறு யாரோதான் நிரப்புகிறார்கள் என்றேன். அவள் கண்டுபிடித்ததற்குப் பெயர்தான் பாணி, அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்றேன். தலைமையாசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காகிதத்தை விரித்து, இந்தத் தடவை பாடாமல், கீழே விரலை ஓட்டிக்கொண்டு வாய்க்குள் படித்தார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விரல் நின்றது. பிறகு பெண்ணின் விடையை மறுபடி படித்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் கண்டீரு" என்றார் கடைசியில். "ஒரு மடக்குக் குடிக்கலியேவே."

பேனாவை எடுத்தார். எட்டை அடித்து ஒன்பது போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிறகு என் பாட்டு இருந்த காகிதத்தின் ஓரத்தில், ஏதோ பழக்கத்தில் எழுதுகிறவர்போல், பத்துக்கு நான்கு என்று எழுதி என்னிடம் நீட்டினார். தளை தட்டாததற்கு அந்த நான்கு என்றார். என் வாழ்க்கையில் யாரிடமும் நான் கெட்ட மார்க் வாங்கிச் சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டேன்.

இரண்டு பேரும் சரிவில் இறங்கி ஓடினோம் என்று சொன்னால் பொய். அவருக்கு ஓட முடியாது. நான் முன்னால் ஓடுவதும் அவருக்காக நிற்பதுமாக ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவும் மகளும் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார்கள். காலருகில் ஒரு தகரப் பெட்டி. அவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுது முடித்த முகம். பாணி என்றால் நடை என்று பரீட்சை முடிந்த அன்றே மெயின்லேண்ட் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். பத்து மார்க் போனால் தேறமாட்டேன் என்று அவளே கணக்குப் போட்டுத் தன் புத்தகங்களை எல்லாம் அந்தப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மூத்தவர்தான் அவள் அப்பாவிடம் சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டே. "பிள்ள பாஸாயிட்டா. இங்கேயே இருக்கட்டும்."

அவர் கையைக் கூப்பினார். போட்காரன் சங்கு ஊதினான். மகளின் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டு ஏறிப் போனார். போட் நகர்ந்த பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் தப்பால்ல சார் எழுதியிருந்தேன். எப்படி மார்க் வந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மூத்தவர் விடவில்லை. பாட்டு எழுதின ஆளே முன்வந்து மார்க் போட்டதாகச் சொல்லி என்னைக் கையால் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தகரப் பெட்டி ஜெட்டியில் அனாதையாக நின்றது. அந்த நேரத்துக்குக் கூலியாள் யாரும் இல்லை. ஒரு பக்கத்துப் பிடியை நானும் மறுபக்கத்துப் பிடியை மூத்தவரும் பிடித்துக்கொண்டு, அவள் சித்தி வீட்டுக்குப் போக ஹேடோ ஏற்றத்தில் ஏறினோம். தலைக்கு நேர் மேலே வெயில். ஒரு பெண்ணின் துணிமணி இவ்வளவு கனக்குமா என்று கேட்டேன். எல்லாம் நீங்கள் கொடுத்த புத்தகம்தான் சார் என்றாள். பாதி ஏற்றத்தில் மூத்தவர் பெட்டியை வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருண்டது. பக்கத்தில் யாருடைய குவார்ட்டர்ஸ் என்றுகூடப் பார்க்கவில்லை, போய்க் கதவைத் தட்டினேன்.

"தோடா பானி" என்றேன்.

ஒரு வங்காளி அம்மாள் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மூத்தவருக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்ற மரியாதைகூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய, மூச்சுவிடாமல் குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப எழுதுங்க, சார்" என்றாள்.